ரத்தம் நின்ற பிறகும் குஞ்சுகள் சாவது ஏன்? ரத்தக் கழிச்சலும் குடல் அழுகலும் சேர்ந்து வந்தால் செய்ய வேண்டியவை

ஐப்பசி மழை பிடித்து ஒரு வாரம் ஆனதும், நாலிலிருந்து ஆறு வார வயதுள்ள நாட்டுக்கோழிக் குஞ்சுகள் இருக்கும் கொட்டகைகளில் இப்படி நடப்பதுண்டு. முதலில் எச்சத்தில் ரத்தம் தெரியும். மருந்துக் கடையில் சொல்லி ரத்தக் கழிச்சல் மருந்து வாங்கித் தண்ணீரில் கலந்து வைப்பார்கள். இரண்டு மூன்று நாளில் ரத்தம் நின்றுவிடும். அப்பாடா என்று இருக்கும்போது, நேற்று மாலை வரை தட்டில் முண்டியடித்துத் தின்ற, எடை நன்றாக ஏறிய குஞ்சுகள் மறுநாள் காலை செத்துக் கிடக்கும். மருந்து போலி என்று நினைத்து அதையே இரண்டு பங்காக்கி வைப்பார்கள். சாவு நிற்காது.

பெரும்பாலும் மருந்து போலி இல்லை. அது தன் வேலையைச் செய்துவிட்டது. முதல் நோய் புண்ணாக்கிவிட்டுப் போன குடலில் இரண்டாவது நோய் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த மருந்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆழ்கூளத்தில் ஐம்பது முதல் ஐந்நூறு கோழி வரை வளர்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக, இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது, எந்த வரிசையில் கையாள்வது என்று இங்கே எழுதுகிறோம். (கூளம் என்பது கொட்டகைத் தரையில் பரப்பும் உமி, கடலைத் தோல் படுக்கை. இதைப் பலரும் 'லிட்டர்' என்றே சொல்கிறார்கள். தண்ணீர் அளவோடு குழம்பாமல் இருக்க இங்கே கூளம் என்றே வைத்துக்கொள்வோம்.)

இரண்டும் எப்படிக் கூட்டுச் சேர்கின்றன

ரத்தக் கழிச்சல், அதாவது காக்சிடியோசிஸ், ஐமீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியால் வருகிறது. பண்ணைக்காரர்கள் சுருக்கமாகக் 'காக்சி' என்பார்கள். கோழியைத் தாக்கும் ஐமீரியாவில் ஏழு இனங்கள் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. நமக்கு முக்கியம் மூன்று. டெனெல்லா, குடலின் முடிவில் இரட்டை வால் போல இருக்கும் குருட்டுக் குடலைத் தாக்கும். கண்ணுக்குத் தெரியும் ரத்தம் பெரும்பாலும் இதனால்தான். அசெர்வுலினா முன்குடலில் இருக்கும். மாக்சிமா நடுக்குடலில் இருக்கும். இந்த மூன்றாவது இனம் ரத்தத்தை அதிகம் காட்டாது, சத்தமில்லாமல் குடலைக் கெடுக்கும். இரண்டாவது நோய்க்குப் படுக்கை விரித்துக் கொடுப்பதும் பெரும்பாலும் இதுதான். ஓர் இனத்துக்குக் கிடைத்த எதிர்ப்புச் சக்தி இன்னொன்றுக்கு உதவாது என்பதால், போன மாதம் ரத்தக் கழிச்சலில் தப்பிய கோழிக்கு இந்த மாதம் வேறு இனக் காக்சி வரலாம்.

எச்சத்தோடு வெளியே வரும் காக்சி முட்டை உடனே நோய் தராது. அது முற்ற ஈரம், காற்று, வெதுவெதுப்பு மூன்றும் வேண்டும். 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் ஈரக் கூளத்தில் ஒன்றிரண்டு நாளில் முற்றிவிடும். நம் மழைக்காலக் கொட்டகை அதற்காகவே கட்டியது போல இருக்கும். முற்றிய முட்டையைக் குஞ்சு கொத்தி விழுங்கினால், அரைவைப்பையில் ஓடு நொறுங்கி, உள்ளிருக்கும் எட்டு நுண்ணுயிர்களும் குடல் சுவரின் செல்களுக்குள் புகுந்து பெருகும். டெனெல்லாவில் விழுங்கிய ஐந்து, ஆறாம் நாளில்தான் ரத்தம் கொட்டும். ஆகவே இன்று நீங்கள் பார்க்கும் ரத்தம் ஐந்தாறு நாளுக்கு முந்தைய கூளத்தின் கணக்கு.

இரண்டாவது நோய் குடல் அழுகல். காரணம் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா. இது வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லை. நலமான கோழியின் குடலிலும், கூளத்திலும், மண்ணிலும் கொஞ்சமாக எப்போதும் இருக்கும். தனக்கு வேண்டிய அமினோ அமிலங்களில் பலவற்றை இதனால் தானே செய்துகொள்ள முடியாது, வெளியிலிருந்து கிடைத்தால்தான் பெருகும். காக்சி குடல் சுவரைக் கிழித்ததும் ரத்தப் புரதம் கசிகிறது, சளியும் அதிகமாகச் சுரக்கிறது. பட்டினியாக இருந்த பாக்டீரியாவுக்கு அது விருந்து. உகந்த சூழலில் பத்து நிமிடத்துக்குள் இரட்டிப்பாகக்கூடிய உயிர் இது. பெருகி, நச்சைக் கக்கி, குடலின் உள்தோலை அழுக வைக்கும். கோழிக்கு இந்த நோயைத் தரும் முக்கிய நச்சுகளில் ஒன்றான நெட்-பி 2008-இல்தான் அடையாளம் காணப்பட்டது. அந்த நச்சு எல்லாவற்றையும் சில மணி நேரத்தில் முடித்துவிடும். நோயாளி போலவே தெரியாமல் இருந்த குஞ்சு திடீரெனச் செத்துக் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

காலையில் என்ன பார்ப்பது

கொட்டகைக்குள் நுழைந்ததும் தீவனம் கொட்டாதீர்கள். வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இறகைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளிழுத்து, கண்ணை மூடித் தூங்கி வழியும் குஞ்சுகள் எத்தனை என்று எண்ணுங்கள். அதன் பிறகு தீவனத்தைக் கொட்டி, ஓடி வராதவற்றை எண்ணுங்கள். இந்த இரண்டு எண்ணிக்கையும் தினமும் நோட்டில் ஏற வேண்டும்.

அடுத்தது எச்சம். இரவு குஞ்சுகள் அடையும் இடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால் காலையில் தெளிவாகப் படிக்கலாம். புதிதாக வளர்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். நலமான கோழியே எட்டு, பத்து தடவைக்கு ஒரு தடவை பழுப்பு நிறத்தில், கூழாக, கெட்ட நாற்றத்தோடு ஒரு எச்சம் போடும். அது குருட்டுக் குடலைக் காலி செய்வது. நோய் இல்லை. அதைப் பார்த்துப் பயந்து மருந்து வைப்பவர்கள் நிறைய. சந்தேகம் இருந்தால் எச்சத்தை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். ரத்தம் என்றால் சிவப்பு விரியும், மற்றது பழுப்பாகவே இருக்கும்.

பயப்பட வேண்டியவை வேறு. சிவப்பான புது ரத்தம், அல்லது ரத்தக் கட்டி: டெனெல்லா. ஆரஞ்சு நிறச் சளி கலந்த கழிச்சல்: மாக்சிமாவாக இருக்க வாய்ப்பு அதிகம். தின்ற மக்காச்சோளக் குருணை செரிக்காமல் அப்படியே வருவது, எச்சம் நுரைத்து ஒட்டிக்கொள்வது, கூளம் இரண்டு மூன்று நாளில் திடீரென ஈரமாகிப் பிசுபிசுப்பது: குடல் வேலை செய்யவில்லை, குடல் அழுகல் வரும் வழியில் இருக்கிறது. கூளம் ஈரமானதால் நோய் வருவது ஒரு பக்கம். நோய் வந்ததால் கூளம் ஈரமாவது இன்னொரு பக்கம். எது முதலில் என்று தெரிய உங்கள் தண்ணீர்த் தட்டுகளைப் பாருங்கள். தட்டுகளைச் சுற்றி மட்டும் ஈரம் என்றால் ஒழுகல். கொட்டகை முழுக்க ஈரம் என்றால், மழைச் சாரல் அடிக்காத பட்சத்தில், கழிச்சல்.

வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டால் அது வெள்ளைக் கழிச்சல். வைரஸ் நோய், இந்தக் கட்டுரையின் மருந்து எதுவும் அதற்குப் பலிக்காது. கொண்டை கருநீலமாகி, முகம் வீங்கி, ஒரே நாளில் கூட்டமாகச் செத்தால் எதையும் அறுக்காமல், தொடாமல், கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கக்கூடும்.

அறுத்துப் பார்ப்பது

எச்சத்தை மட்டும் பார்த்து இரண்டு நோயையும் பிரிக்க முடியாது. செத்த குஞ்சை அறுத்துப் பார்க்கக் கற்றுக்கொள்வது ஆயிரம் ரூபாய் மருந்தை மிச்சப்படுத்தும். முதல் தடவை ஒரு மருத்துவர் பக்கத்தில் இருந்து காட்டித் தந்தால் நல்லது.

செத்து மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் அறுக்க வேண்டும். நம் வெயிலில் அதற்கு மேல் போனால் குடல் தானாகவே ஊதி, பச்சையாகி, நாறிவிடும். நலமாக இருந்து நாய் கடித்துச் செத்த கோழியும் ஐந்து மணி நேரம் கழித்துக் குடல் அழுகல் மாதிரியே தெரியும். இரவில் செத்ததைக் காலை பத்து மணிக்கு அறுத்து முடிவு கட்டாதீர்கள்.

கையுறை, முகக்கவசம், கூரான கத்தரிக்கோல், ஒரு வெள்ளைத் தட்டு போதும். குஞ்சைத் தண்ணீரில் முக்கி இறகை நனைத்துக்கொண்டால் தூசி பறக்காது. மல்லாக்கப் போட்டு, தொடைகளை வெளிப்பக்கம் மடக்கி, வயிற்றுத் தோலை நீக்கி, நெஞ்செலும்பைத் தூக்குங்கள். குடலை வெட்டாமல் முதலில் வெளிப்புறத்தைப் பாருங்கள்.

அரைவைப்பையிலிருந்து கிளம்பும் குடல் ஒரு கொண்டை ஊசி போல வளைந்து திரும்பும். அது முன்குடல். அதன் வெளிச் சுவரிலேயே வெள்ளை வெள்ளையாகக் குறுக்குக் கோடுகள், ஏணிப்படி மாதிரி தெரிந்தால் அசெர்வுலினா. அங்கிருந்து கீழே வந்தால் குடலின் நடுவில் அரிசி மணி அளவு ஒரு சிறு முளை இருக்கும். குஞ்சு முட்டைக்குள் இருந்தபோது மஞ்சள் கரு ஒட்டியிருந்த இடம். அந்த முளைக்கு மேலும் கீழும் ஒரு சாண் தூரம்தான் நமக்கு முக்கியமான இடம். அங்கே குடல் தளர்ந்து, வெளிச் சுவரில் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள் இருந்து, வெட்டினால் ஆரஞ்சுச் சளி வந்தால் மாக்சிமா. கடைசியாக, குடலின் முடிவில் இரட்டை வால் போல இருக்கும் குருட்டுக் குடல்கள். அவை பருத்து, உள்ளே ரத்தமோ, பாலாடைக்கட்டி போல இறுகிய ரத்தக் கட்டியோ இருந்தால் டெனெல்லா.

இப்போது குடல் அழுகல். குடல் பலூன் போல ஊதியிருக்கும், சுவர் மெலிந்து தொட்டாலே கிழியும். நீளவாக்கில் வெட்டியதும் அடிக்கும் நாற்றம் ஒரு தடவை முகர்ந்தால் மறக்காது. உள்ளே பழுப்புத் தண்ணீர். தண்ணீரை வடித்து உள்சுவரைப் பார்த்தால், வழவழப்பாக இருக்க வேண்டிய இடத்தில் பூத்துவாலை போலச் சொரசொரவென்று, மஞ்சளோ பச்சையோ பூத்த செத்த தோல் படிந்திருக்கும். விரலால் சுரண்டினால் உரியும். அதுதான் கையெழுத்து. ஆரஞ்சுச் சளியும் இந்தப் படலமும் ஒரே குஞ்சில் இருந்தால், அல்லது ஒரு குஞ்சில் அது, இன்னொன்றில் இது என்று இருந்தால், இரண்டு நோயும் கொட்டகையில் இருக்கின்றன. ஒரு குஞ்சை வைத்து முடிவெடுக்க வேண்டாம், குறைந்தது மூன்றைப் பாருங்கள்.

உறுதி செய்ய அரசுக் கால்நடை மருத்துவமனைக்கோ, மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ, பக்கத்தில் இருப்பவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோகலாம். செத்ததைவிட, தூங்கி வழியும் ஓர் உயிர்க் குஞ்சையும் சேர்த்துக் கொண்டுபோவது மேல். குடலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் காக்சி முட்டை சில நிமிடத்தில் தெரிந்துவிடும். செத்ததைப் பாலிதீன் பையில் போட்டுச் சுற்றிலும் ஐஸ் கட்டி வையுங்கள். உறைய வைத்தால் குடல் திசு சிதைந்து ஒன்றும் தெரியாது.

முதல் நாள்

மருந்துக்கு முன்பே சில வேலைகள் இருக்கின்றன. தூங்கி வழிபவற்றைப் பிரித்து, கம்பி வலைத் தரை உள்ள கூண்டுக்கு மாற்றுங்கள். எச்சம் கீழே விழுந்துவிடுவதால் மறுபடி முட்டையை விழுங்காது. ஈரமாகிக் கட்டி தட்டிய கூளத்தை மண்வெட்டியால் வெட்டி அள்ளிச் சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோங்கள். கொட்டகைக்குள்ளேயே உதறிப் பரப்பினால், ஒரு மூலையில் இருந்த முட்டையை எல்லா மூலைக்கும் விதைத்தது மாதிரி ஆகும். அள்ளிய இடத்தில் காய்ந்த உமியோ கடலைத் தோலோ இரண்டு மூன்று அங்குலம் போடுங்கள். சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் படுதாவை இறக்கி, எதிர்ப் பக்கம் திறந்து வையுங்கள். மழைக்குப் பயந்து நாலு பக்கமும் படுதாவை இறக்குவதுதான் பல கொட்டகைகளில் நோயைப் பெருக்குகிறது.

ஒரு நாளில் கோழிகள் எவ்வளவு தண்ணீர் குடிக்கின்றன என்று அளக்காமல் மருந்து கலக்க முடியாது. ஐந்து வார நாட்டுக்கோழிக் குஞ்சு சுமார் 400 கிராம் இருக்கும், நாளைக்கு ஏறக்குறைய 100 மி.லி. குடிக்கும். 200 குஞ்சுகளுக்கு 20 லிட்டர். இது தோராயம், உங்கள் கொட்டகையில் காலையில் ஊற்றியதிலிருந்து மறுநாள் காலை மிஞ்சியதைக் கழித்து வருவதுதான் சரியான கணக்கு. நோயுற்ற குஞ்சு தீவனத்தை ஒதுக்கினாலும் தண்ணீரைத் தேடிப் போகும். ஆகவே மருந்து தண்ணீரில்தான், தீவனத்தில் இல்லை.

காக்சி மருந்து

கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை இரண்டு. இரண்டில் ஒன்றுதான் வேண்டும்.

ஆம்ப்ரோலியம் 20 சதவீதத் தூள்: கடுமையாக இருந்தால் லிட்டருக்கு 1.2 கிராம், ஐந்து நாள். 20 லிட்டருக்கு 24 கிராம். அதன் பிறகு லிட்டருக்கு 0.3 கிராம் என்று ஒன்றிலிருந்து இரண்டு வாரம். சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள், சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். வேறு சதவீதத் தூளோ திரவமோ கையில் இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. உறையில் அச்சிட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். ஆம்ப்ரோலியம் தயமின் என்ற பி1 வைட்டமினைப் போல வேடமிட்டு ஒட்டுண்ணியை ஏமாற்றிப் பட்டினி போடும் மருந்து. கோழி சோர்ந்திருக்கிறதே என்று அதே தண்ணீரில் பி-காம்ப்ளெக்ஸ் டானிக் ஊற்றினால் மருந்தின் வேலை கெட்டுவிடும். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் கடைக்காரரே இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார். டானிக் வேண்டுமானால் மருந்து முடிந்த பிறகு. ரத்தம் அதிகம் போனால் வைட்டமின் கே கொடுக்கலாம், அது இடைஞ்சல் இல்லை.

டோல்ட்ராசுரில் 2.5 சதவீதத் திரவம்: லிட்டருக்கு 1 மி.லி., தொடர்ந்து இரண்டு நாள். எடைக் கணக்கில் கிலோவுக்கு 7 மி.கி. அதாவது 200 குஞ்சு, 80 கிலோ, 560 மி.கி., திரவமாக ஏறக்குறைய 22 மி.லி. ஒரு நாளைக்கு. 20 லிட்டரில் 20 மி.லி. என்ற கணக்கோடு இது ஒத்துவருகிறது. இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால் எங்கோ தப்பு, மறுபடி அளந்து பாருங்கள். குடலுக்குள் இருக்கும் எல்லாப் பருவத்து ஒட்டுண்ணியையும் இது தாக்கும் என்பதால், ரத்தம் தெரிந்த பிறகு இதுவே விரைவு. ஆம்ப்ரோலியம் முக்கியமாக ஆரம்பப் பருவத்தைத்தான் பிடிக்கும். வேறு எந்த மருந்தோடும் ஒரே தொட்டியில் கலக்கக் கூடாது. முட்டையிடும் கோழிக்குக் கொடுக்கக் கூடாது.

ரத்தம் கழியும் குஞ்சுக்கு மட்டும் சொட்டு விட்டுப் பயனில்லை. அதற்குக் குடல் ஏற்கனவே கிழிந்துவிட்டது, பிழைத்தால் அதன் பாடு. மருந்து பக்கத்தில் நிற்கும் நூற்றுத் தொண்ணூறுக்குத்தான். அவை எல்லாம் அதே கூளத்தைக் கொத்தியவை. இன்னொன்று, மருந்துத் தண்ணீர் இருக்கும்போது வேறு தண்ணீர் கொட்டகையில் இருக்கக் கூடாது. கூரை ஒழுகித் தேங்கிய குட்டையும் தண்ணீர்தான்.

சல்ஃபா மருந்துகளும் காக்சிக்குக் கேட்கும். ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தம் உறைவதையும் தடுக்கும். ஏற்கனவே ரத்தம் போகும் குஞ்சுக்கு இதைப் புதியவர்கள் கையில் எடுக்காமல் இருப்பதே நல்லது. மஞ்சள், வேப்பிலை, கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லவில்லை; ரத்தம் தெரிந்த பிறகு அதை மட்டும் நம்பி இரண்டு நாள் கடத்துவதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

மூன்றாம் நாள் காலை

இந்தக் காலைதான் முடிவு சொல்லும். மருந்து வைத்து 48 மணி நேரம் ஆகியிருக்கும். ரத்தம் குறைந்து, சாவும் குறைந்து, தட்டுக்கு ஓடி வருபவை கூடியிருந்தால் காக்சி மட்டும்தான். மருந்தை முழுசாக முடியுங்கள்.

ரத்தம் நின்று, சாவு மட்டும் தொடர்ந்தால், அல்லது சாவு கூடினால், உடனே அறுத்துப் பாருங்கள். பூத்துவாலைப் படலம் தெரிந்தால் காக்சி மருந்தைக் கூட்டுவதில் அர்த்தம் இல்லை. பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் வேண்டும், அதைக் கால்நடை மருத்துவர் எழுதித் தர வேண்டும். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் 1962 என்ற இலவச எண்ணில் கால்நடை நடமாடும் மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். முதல் நாளே இரண்டு நோயும் அறுப்பில் தெரிந்திருந்தால் மூன்றாம் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. டோல்ட்ராசுரிலை லிட்டருக்கு 3 மி.லி. வீதம் எட்டு மணி நேரத் தண்ணீரில் மட்டும் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் ஆன்டிபயாடிக் தண்ணீர் என்று இரண்டு நாள் பிரித்துக் கொடுக்கும் முறை இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

எந்த ஆன்டிபயாடிக் என்பதில் நிறையப் பணம் வீணாகிறது. கிளாஸ்ட்ரிடியம் காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா. அமாக்சிசிலின், லின்கோமைசின், டைலோசின், பாசிட்ராசின் போன்றவை இதற்குக் கேட்கும். ஜென்டாமைசின், நியோமைசின் வகை மருந்துகள் பாக்டீரியாவுக்குள் நுழையவே ஆக்சிஜன் வேண்டும், ஆகவே இங்கே அவை தண்ணீரில் போட்ட பணம். கழிச்சல் என்றதும் எடுத்துக் கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசினும் இதற்கு ஏற்ற மருந்து இல்லை. கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்த 2019-இலேயே இந்திய அரசு தடை விதித்துவிட்டது. பழைய சரக்கு என்று யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள்.

மருத்துவர் கிலோ எடைக்கு 20 மி.கி. என்று எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோவுக்கு 1,600 மி.கி. மருந்துத் தூள் 50 சதவீதம் என்றால் 3.2 கிராம். 'லிட்டருக்கு ஒரு கிராம்' என்று போகிற போக்கில் சொல்வதைக் கேட்டுக் கலக்குவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள்: வெயில் நாளில் குஞ்சுகள் இரண்டு பங்கு குடிக்கும், குளிர்ந்த மழை நாளில் பாதிதான் குடிக்கும். எடைக் கணக்கு மாறாது. அமாக்சிசிலின் தண்ணீரில் நெடுநேரம் வீரியத்தோடு இருக்காது. காலையில் கலந்ததை மாலைக்குள் தீர்த்து, புதிதாகக் கலக்க வேண்டும். தகர வாளி வேண்டாம், பிளாஸ்டிக் போதும். தண்ணீரில் குளோரின் கலக்கும் பழக்கம் இருந்தால் மருந்து நாட்களில் நிறுத்துங்கள். இரண்டாம் நாளே சாவு நின்றுவிடும். அதைப் பார்த்து மருந்தை நிறுத்தினால் ஒரு வாரத்தில் திரும்ப வரும்.

மருந்து முடிந்த பிறகு கறிக்கு விற்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பது ஒவ்வொரு உறையிலும் இருக்கும். இரண்டு மருந்து கொடுத்திருந்தால் நீண்டதை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தத் தேதியை நோட்டில் சிவப்பில் எழுதுங்கள்.

தீவன மூட்டையையும் படியுங்கள்

கம்பெனிக் குஞ்சுத் தீவனத்தில் பல சமயம் சாலினோமைசின், மோனென்சின் போன்ற காக்சித் தடுப்பு மருந்து கலந்தே வரும். இவை கிளாஸ்ட்ரிடியத்தையும் ஓரளவு அடக்கும் என்பது கூடுதல் நன்மை. ஆனால் சளிக்கு என்று டியாமுலின் மருந்தைத் தண்ணீரில் வைத்தால், தீவனத்தில் இருக்கும் இந்த மருந்தோடு அது மோதிக் கோழிகள் கால் இழுத்து விழும், சாகவும் செய்யும். சளி மருந்து வாங்கும்போது மூட்டையின் அட்டையைப் படம் பிடித்துக் காட்டுங்கள். சாலினோமைசின் தீவனம் வான்கோழிக்கும் குதிரைக்கும் விஷம், பக்கத்தில் வான்கோழி வளர்ப்பவர்கள் கவனம்.

உயிர்க் காக்சித் தடுப்பூசி போட்ட குஞ்சு வாங்கியிருந்தால் எல்லாம் தலைகீழ். தடுப்பு மருந்து கலந்த தீவனம் தடுப்பூசியையே கொன்றுவிடும். குஞ்சு வாங்கும் இடத்தில் இதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

செலவைக் குறைக்கக் கருவாட்டுத் தூளை அள்ளிப் போடுவது குடல் அழுகலுக்குப் பத்திரிகை வைத்து அழைப்பது போல. செரிக்காத விலங்குப் புரதம் பின்குடலுக்குப் போனால் கிளாஸ்ட்ரிடியத்துக்கு அதுவே தீனி. நோய் நாட்களில் கருவாட்டை முழுக்க நிறுத்துங்கள். கோதுமைத் தவிடு, கோதுமைக் குருணை அதிகமானால் குடலில் உள்ளது பசை போலாகி, நகராமல் தேங்கும். அதுவும் அதற்குச் சாதகம். தீவனத்தை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல் முதல் நாள் கால் பங்கு, அடுத்து அரை, அடுத்து முக்கால், நான்காம் நாள் முழுவதும் என்று மாற்றுங்கள். குஞ்சுத் தீவனத்திலிருந்து வளர் தீவனத்துக்கு ஒரே நாளில் மாறுவதும், முதல் மழையும், காக்சியும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூளம்

கைப்பிடிக் கூளத்தை இறுக்கிப் பிழிந்து கையைத் திறங்கள். உதிர்ந்து விழுந்தால் சரி. லேசாக ஒட்டி, தட்டினால் உடைந்தால் பரவாயில்லை. கொழுக்கட்டை போல நின்றால் நோய்க்கு நேரம் குறித்தாயிற்று. தினமும் காலையில் கிளறிவிடுங்கள். வாரம் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால், கிளறும்போது ஏற்கனவே கட்டி தட்டியிருக்கும்.

தண்ணீர்த் தட்டின் விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்தில் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை உயர்த்துங்கள். தாழ்வாக இருந்தால் உள்ளே எச்சம் விழும், காலால் இறைக்கும். தட்டுக்கு அடியில் கம்பி வலைச் சட்டம் வைத்து ஒழுகலைத் தனியாக விழவிட்டால் பாதி ஈரம் தீர்ந்தது. ஆறு வாரம் வரை குஞ்சுக்கு ஒரு சதுர அடி, அதற்கு மேல் படிப்படியாக இரண்டு சதுர அடி.

சுண்ணாம்புத் தூள் தூவினால் காக்சி செத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சாகாது. கூளத்தைக் கொஞ்சம் உலர்த்தும், அவ்வளவே. ஏற்கனவே ஈரமும் எச்சமுமாக இருக்கும் கூளத்தில் தூவினால் அம்மோனியா கிளம்பிக் கண்ணை எரிக்கும். படுதாவைத் திறந்து வைத்து, ஈரத்தை அள்ளிய பிறகு லேசாகத் தூவுவது சரி.

அடுத்த பேட்ச் இறக்கும் முன்

வழக்கமான ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், ஃபார்மலின் எதுவும் காக்சி முட்டையின் ஓட்டைத் துளைக்காது. சூடு துளைக்கும். பழைய கூளத்தை முழுக்க அள்ளி, தரையைச் சுரண்டி, கழுவிக் காயவிட்டு, பிளேம் கன் (தீச்சுடர் கக்கும் கருவி) கொண்டு தரையையும் சுவரின் கீழ்ப்பகுதி இரண்டு அடியையும் மெதுவாகச் சுட்டெடுங்கள். வேகமாக வீசிக்கொண்டு போனால் தரை கருக்குமே தவிரச் சூடு இறங்காது. விரிசல்களில் நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். பக்கத்தில் தென்னங்கீற்றுக் கூரை இருந்தால் இந்த வேலையே வேண்டாம். அதற்குப் பதில் 10 சதவீத அம்மோனியாக் கரைசலைத் தெளித்து ஒரு நாள் மூடி வைத்து, பிறகு இரண்டு மூன்று நாள் திறந்து காற்றாட விடலாம். முகக்கவசமும் கண்ணாடியும் அவசியம். அம்மோனியாவோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் விஷவாயு வரும். ஒன்றைப் பயன்படுத்திய அன்று மற்றதைத் தொடக்கூடாது.

கிளாஸ்ட்ரிடியத்தின் வித்துகளை முழுக்க ஒழிக்க முடியாது, முயலவும் வேண்டாம். அவை மண்ணின் குடிமக்கள். குடல் கிழியாமல் இருந்தால் அவற்றால் தொல்லை இல்லை.

அள்ளிய கூளத்தைக் குஞ்சுகள் மேயாத இடத்தில் குவித்து, ஈரப்படுத்தி, தார்ப்பாயால் மூடிவிடுங்கள். நன்றாக மக்கும் குவியலின் நடுவில் சூடு 55 டிகிரியைத் தாண்டும், முட்டைகள் அதில் செத்துவிடும். ஓரத்தில் இருப்பது சாகாது, ஆகவே இரண்டு வாரத்தில் ஒரு தடவை வெளிப்பக்கத்தை உள்ளே புரட்டிப் போட வேண்டும். பச்சையாக வாழைக்கோ தென்னைக்கோ போட்டுவிட்டு அங்கேயே மாலையில் குஞ்சுகளை மேயவிடுபவர்கள் உண்டு. செத்த கோழியை மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். நாய் தோண்டாமல் மேலே முள் போட்டுவிடுங்கள்.

கொட்டகை இரண்டு வாரமாவது காலியாகக் காயட்டும். வயது கூடிய கோழிகள் நோய் காட்டாமலே காக்சி முட்டையைக் கழித்துக்கொண்டிருக்கும், அதனால் புதுக் குஞ்சை அவற்றோடு விடக் கூடாது. காலையில் குஞ்சுக் கொட்டகையில் வேலையை முடித்துவிட்டுப் பெரிய கோழிகளிடம் போங்கள், திரும்பி வராதீர்கள். குஞ்சுக் கொட்டகைக்கு என்று ஒரு ஜோடி செருப்பை வாசலிலேயே விட்டு வையுங்கள்.